எரியும் ஏரியும்

பாகாயத்தில் பங்குப் பணியாற்றும் எனக்கு மாலை வேளைகளில் தானாக வந்து சேர்ந்த ஊழியம் ஒன்று உண்டு. ஆங்கில விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பது. மருத்துவக் கல்லூரி வளாகம் அருகில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளோ அயல்நாடுகளோடு ஆங்கிலத்தில் கடிதம் நடத்துகின்றன. எனவே வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு அம்மொழி தாண்டியே தீர வேண்டிய வாயிற்படியாகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன் இளைஞர் ஒருவர் வந்து தலைகுனிந்து நின்றார். "ஃபாதர், ஒரு கொக்கியைத் தப்பாப் போட்டுட்டேன்னு எல்லார் முன்னாடியும் லெட்டரை வாசிச்சுக் காட்டிச் சிரிச்சாங்க" என்றார். கடிதத்தைப் பார்த்தேன். 'அதனுடைய' என்னும் பொருளில் வரும் 'இட்ஸ்' என்ற சொல்லின் தலையில் அப்பாஸ்ட்ரபி என்னும் மேற்கொக்கியை இட்டிருந்தார். இன்றைய வழக்கில் அக்கொக்கி இருந்தால் 'அது இப்படி இருக்கிறது' என்று பொருள் மாறிவிடும். பிழைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால், சிரித்தவர்கள் அந்தக் கொக்கியின் வரலாற்றை அறிந்திருந்தால் சற்றே தயங்கியிருப்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த குறி அது. சொல்லில் எழுத்து மறைந்த இடத்தைக் காட்டுவதே அதன் முதல் வேலை. உடைமையைக் காட்டும் வேலை பின்னரே அதற்குத் தரப்பட்டது. ஒரே குறிக்கு இரண்டு வேலைகள் அமைந்ததால் குழப்பமும் உடன் பிறந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கற்றறிந்த ஆங்கிலேயரே 'அதனுடைய' என்னும் பொருளில் இச்சொல்லைக் கொக்கியோடு எழுதினர். பின்னாளில் இலண்டன் நகர ஆங்கிலிக்கன் ஆயரான இராபர்ட் லௌத் 1762-இல் ஓர் ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். பிழைகளுக்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் இடம்பெற்றிருந்தனர்!

நம் மொழியின் நிலை என்ன? ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று இலக்கணம் கூறியிருந்தும், ஓலையில் அப்புள்ளி மறைந்தது. நெருப்பைக் குறிக்கும் 'எரி' என்பதும் நீர் நிறைந்த 'ஏரி' என்பதும் ஒரே வடிவில் நின்றன. இடம் நோக்கிப் படிப்பவரே பொருளைத் தேர வேண்டியிருந்தது. இத்தாலியில் 1680-இல் பிறந்து தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவர் இக்குறையைத் தீர்த்தார். நெடில்களுக்கு வேறு வடிவம் தந்து, ஏகாரத்தையும் ஓகாரத்தையும் கண்ணால் கண்டறியச் செய்தார். அவருடைய 'தொன்னூல் விளக்கம்' 1730-இல் எழுந்தது. லௌத் நூலுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முந்தியது அது.

காற்புள்ளியும் அரைப்புள்ளியும் நம் உரைநடையில் நிலைபெற்றது அதற்கும் பின்னரே. பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர் (1822–1879) அக்குறிகளைத் தம் நூல்களில் முறையாகக் கையாண்டார். அதுவரை அவையின்றி நாம் வாழ்ந்தது எப்படி? நம் இடைச்சொற்களே அப்பணியைச் செய்தன. 'என்று' என்பது ஒருவர் கூற்று முடியும் இடத்தைக் காட்டும். 'ஆ' வினாவைக் காட்டும். 'உம்' அடுக்கி வருபவற்றை இணைக்கும். இப்படி ஒலியிலேயே குறிகளைக் கொண்ட மொழியில் வளர்ந்தவர், ஒலியே இல்லாத குறிகளை ஆங்கிலத்தில் தவறவிடுவது இயல்பு. அது அறிவின் குறைவன்று.

அதற்காகக் குறிகள் அற்பமானவை என்று நான் சொல்ல வரவில்லை. வாக்கு கடவுளாயிருந்தது என்று அறிவிக்கும் யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில், நிறுத்தத்தைச் சற்றே இடம் மாற்றி அவ்வுண்மையை மறுக்க முயன்றவர்களைத் தூய அகுஸ்தீனார் தம் 'கிறிஸ்தவப் போதனை' நூலில் கண்டிக்கிறார். ஒரு நிறுத்தத்தில் விசுவாசமே தொங்கியது. மருந்துச் சீட்டில் உயிரே தொங்கலாம். அரை மில்லிகிராம் என்பதை வெறும் புள்ளியும் ஐந்துமாக எழுதினால், புள்ளி மங்கும்போது அது ஐந்து மில்லிகிராமாகி மருந்து பத்து மடங்காகும். ஆகவேதான் புள்ளிக்கு முன் சுழியம் இட்டு 0.5 என எழுதுமாறு மருத்துவத் துறையினருக்குக் கற்பிக்கிறார்கள்.

குறி என்பது படிப்பவர்பால் எழுதுபவர் காட்டும் பரிவு. அதைக் கற்றுக்கொள்வது கடமை. கல்லாதவரை எள்ளுவதோ அப்பரிவுக்கே முரணானது. வீரமாமுனிவர் நம் ஓலைகளைக் கண்டு நகைத்திருந்தால் நமக்கு ஏகாரம் கிடைத்திருக்காது. குறையைக் கண்டார், படிப்பவரின் இடரை உணர்ந்தார், திருத்தினார்.

அந்த இளைஞருக்கு எரியையும் ஏரியையும் தாளில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "அப்ப நம்ம பெரியவங்களுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கு" என்றார். பிறகு பேனாவை என்னிடமிருந்து வாங்கி, கொக்கியைத் தாமே அடித்துவிட்டு, கடிதத்தை முதலிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினார்.