ரூவான் நகரின் இரண்டு தீர்ப்புகள்

பழம்பெரும் நகரங்கள் பல தம் பெருமைகளை மட்டுமே வருவோர்க்கு எடுத்துக்காட்டும். பிரான்சு நாட்டில் சேன் நதிக்கரையில் அமைந்த ரூவான் நகரமோ தன் வரலாற்றின் கறைபடிந்த நாளையும் நகரின் நடுவிலேயே வைத்திருக்கிறது. 1431ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், ஏறத்தாழப் பத்தொன்பது வயதே நிரம்பிய ஜோன் ஆஃப் ஆர்க் இங்கேதான் உயிரோடு எரிக்கப்பட்டார். அவரைப் பதிதை என்று தீர்ப்பிட்டது திருச்சபை நீதிமன்றம் ஒன்று. அத்தீர்ப்பு செல்லாது என்று பின்னாளில் அறிவித்ததும் திருச்சபை நீதிமன்றமே. கோடைக் காலைப்பொழுது ஒன்றில் நண்பர்கள் நால்வர் இந்நகரில் நடந்தபோது, இவ்விரு தீர்ப்புகளின் சுவடுகளே எங்களுக்கு வழிகாட்டின.

தொடர்வண்டி நிலையத்திற்கு அருகே உருண்டு திரண்ட கற்கோபுரம் ஒன்று தனித்து நிற்கிறது. மன்னர் இரண்டாம் பிலிப் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோட்டையின் எச்சம் அது. ஜோன் அடைக்கப்பட்டிருந்தது அக்கோட்டையின் வேறொரு கோபுரத்தில்; அது இன்று இல்லை. ஆனால் 1431 மே 9 அன்று இந்தக் கோபுரத்தில்தான் அவருக்குச் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டினர். அவர் பணியவில்லை.

அன்று ரூவான் ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. 1430 மே மாதம் கொம்பியேன் நகரருகே பிடிபட்ட ஜோனை அவர்கள் பத்தாயிரம் பொன் கொடுத்து வாங்கியிருந்தனர். வழக்கை நடத்திய போவே ஆயர் பியேர் கோஷோன், ஆங்கிலேய அரசின் ஆலோசகராகவும் இருந்தவர். திருச்சபையின் விசாரணையில் இருப்பவரைத் திருச்சபையின் சிறையில் வைக்க வேண்டும் என்று ஜோன் கேட்டும், அவர் ஆங்கிலேயப் படைவீரரின் காவலில் விலங்கிடப்பட்டே கிடந்தார். திருத்தந்தையிடம் முறையிட அவர் விடுத்த வேண்டுகோளும் புறந்தள்ளப்பட்டது.

நீர் இறையருள் நிலையில் இருக்கிறீரா என்று அவரைக் கேட்டனர். ஆம் என்றால் அகந்தை. இல்லை என்றால் குற்ற ஒப்புதல். அந்நிலையில் இல்லையெனில் இறைவன் தம்மை அதில் சேர்ப்பாராக, இருப்பின் அதில் காப்பாராக என்றார், எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இறையருளைப் பற்றிய பகுதியில் இன்று எடுத்துக்காட்டுவது அந்த விடையையே!

கோபுரத்திலிருந்து தென்கிழக்கே நடந்து புனித ஊவான் துறவுமட ஆலயத்தை அடைந்தோம். அதன் கல்லறைத் தோட்டத்தில் மே 24 அன்று, தீயின் அச்சத்தில், ஜோன் மறுப்புரை ஒன்றில் கையொப்பமிட்டார். நான்கு நாள்களில் அதைத் திரும்பப் பெற்றார். புனிதர்களும் அஞ்சியவர்களே என்பதை அங்கு நின்றபோது உணர்ந்தோம்.

அடுத்துப் பேராயலம் நோக்கி நடந்தோம். ஓவியர் மோனே முப்பதுக்கும் மேற்பட்ட முறை தீட்டிய முகப்பு அதனுடையது. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோரின் காணிக்கையால் எழுந்ததாகச் சொல்லப்படும் 'வெண்ணெய்க் கோபுரம்' எங்களைப் புன்முறுவல் பூக்க வைத்தது. ஆயினும் நாங்கள் தேடி வந்தது அதனை ஒட்டியுள்ள பேராயர் மாளிகையை. 1456 ஜூலை 7 அன்று இரண்டாம் தீர்ப்பு வாசிக்கப்பட்டது இங்கேதான்.

அதற்கு முந்திய ஆண்டு, ஜோனின் தாய் இசபெல் ரோமே பாரீஸ் பேராலயத்தில் திருத்தந்தையின் பிரதிநிதிகள் முன் நின்று தம் மகளுக்கு நீதி கேட்டிருந்தார். பதிதையின் துணையால் முடிசூடியவர் என்ற பழியைத் துடைக்க மன்னர் ஏழாம் சார்லசும் விரும்பினார் என்பது உண்மையே. ஆனால் அரசியல் வழக்கைத் திறந்தது என்பதற்காக, வெளிப்பட்ட உண்மை பொய்யாகிவிடாது. திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துசின் இசைவோடு நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் முதல் வழக்கின் எழுத்தர் குய்யோம் மான்ஷோன். அவ்வழக்கில் தமக்குக் கிடைத்த ஊதியத்தின் ஒரு பகுதியால் திருப்பலிப் புத்தகம் வாங்கி, ஜோனுக்காக வேண்டிவந்ததாக அவர் சொன்னார். கோஷோனோ 1442இலேயே இறந்துவிட்டிருந்தார். முதல் தீர்ப்பு செல்லாது என்ற முடிவு, ஜோன் அவமானப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்திலும் சந்தைத் திடலிலும் மக்கள் முன் அறிவிக்கப்பட்டது.

அத்திடலுக்குச் செல்லும் தெருவின் குறுக்கே பெரிய மணிக்கூண்டின் வளைவு நிற்கிறது. ஜோன் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் கட்டப்பட்ட அவ்வளைவின் அடியில், ஆடுகளோடு நல்ல ஆயர் செதுக்கப்பட்டிருக்கிறார். ஓர் ஆயரால் கைவிடப்பட்ட பெண்ணின் நினைவோடு வந்த எங்களால் அதை எளிதில் கடக்க இயலவில்லை.

பழைய சந்தைத் திடலில், ஜோன் எரிக்கப்பட்ட இடத்தருகே, உயர்ந்த சிலுவை ஒன்று நிற்கிறது. சிலுவையைத் தம் கண்முன் உயர்த்திப் பிடிக்குமாறு வேண்டி, இயேசுவின் பெயரைக் கூவியவாறே அவர் உயிர்நீத்தார். சாம்பலைச் சேன் நதியில் எறிந்தனர். அங்கே 1979இல் எழுந்த ஆலயத்தில் 16ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஓவியங்கள் ஒளிர்கின்றன. அவை புனித வின்சென்ட் ஆலயத்திற்கு உரியவை. உலகப் போருக்கு அஞ்சி அவற்றை முன்னரே கழற்றிப் பாதுகாத்தனர். 1944ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் ஆலயம் அழிந்தது, ஓவியங்கள் தப்பின.

1909இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஜோனை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 1920 மே 16 அன்று பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் புனிதர் பட்டம் வழங்கினார். இரண்டாம் தீர்ப்பு அவருக்கு உயிரைத் திருப்பித் தரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த தாய்க்கு மகளின் நற்பெயரை மட்டுமே மீட்டுத் தந்தது. எனினும், தன் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியைத் தானே விசாரித்து, அநீதி என்று ஊரறியச் சொல்லும் துணிவு சிறிதன்று. நம் பங்குகளிலும் இல்லங்களிலும் நாம் யாரையெல்லாம் ஒருமுறை தீர்ப்பிட்டு ஒதுக்கி வைத்திருக்கிறோம்! அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவ்வழக்குகளை மீண்டும் திறப்போமா?