முரளிதரன், முத்தையா
முத்தையா முரளிதரன் (பிறப்பு: 17 ஏப்ரல் 1972, கண்டி) இலங்கையின் வலக்கைச் சுழற்பந்து வீச்சாளர், டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த ஒரே வீரர். மலையகத் தமிழர், கண்டி புனித அந்தோனியார் கல்லூரி மாணவர். பள்ளியில் மிதவேகம் வீசியவர் பயிற்றுநர் சொல்லிச் சுழற்பந்துக்கு மாறினார்.

வகையால் ஆஃப் ஸ்பின்னர். ஆனால் விரலை நம்பும் மற்ற ஆஃப் ஸ்பின்னர்களைப் போலன்றி மணிக்கட்டைச் சுழற்றியே பந்தைத் திருப்பினார். தட்டையான ஆடுகளத்திலும் பந்து திரும்பியதற்குக் காரணம் இதுவே. எதிர்த்திசையில் திரும்பும் ‘தூஸ்ரா’ பின்னாளில் சேர்ந்தது.

பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை, வீசும்போது கை மடங்கி நிமிர்வதுபோல் தோன்றச் செய்தது. 1995 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டாரல் ஹேர் இதை எறிதலாகக் கருதி அவருக்கு ஏழு முறை ‘நோ-பால்’ கொடுத்தார். ஆய்வகச் சோதனைகள் பல நடந்தன. 2005இல் எல்லா வீச்சாளர்களுக்கும் 15 பாகை வரை கை நிமிர்வு அனுமதிக்கப்பட்டது. நியாயமான இத்தீர்வு வரப் பத்தாண்டுகள் ஆயின.

1992இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்டில் அறிமுகமானார். 1996 உலகக் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார். 1998 ஓவல் டெஸ்டில் இங்கிலாந்தின் 16 விக்கெட்டுகளை 220 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். 2007இல் கண்டியில் ஷேன் வார்னின் 708 டெஸ்ட் விக்கெட்டுகளைக் கடந்தார்.

மொத்தம் 133 டெஸ்ட், சராசரி 22.72, ஐந்து விக்கெட் 67 முறை. ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட். 2008 முதல் 2010 வரை சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஆடினார்.

கடைசி டெஸ்ட் காலியில், 2010 ஜூலையில் இந்தியாவுடன் நடந்தது. 800ஐத் தொட எட்டு விக்கெட் தேவைப்பட்ட நிலையில் இறங்கினார். எட்டாவதாக, பிரக்யான் ஓஜாவின் மட்டை விளிம்பில் பட்ட பந்தை ஸ்லிப்பில் மகேல ஜயவர்தன பிடித்தார்.