பேரேட்டில் ஒரு கட்டம்: ஜொகூர், 1918 முதல் 2021 வரை

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் முடிந்தது. அதையொட்டி லாபிஸ், குளுவாங், கூலாய் எனக் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1911இல் ஜொகூரில் ஆறாயிரத்துக்கும் குறைவாக இருந்த இந்தியர்கள் 1921இல் ஏறத்தாழ 24,000 பேர். பெரும்பாலோர் கங்காணி அழைத்துவந்த தமிழர்கள். இடையில், 1918 அக்டோபரில், இன்ஃபுளுவென்ஸாவின் கொடிய அலை மலாயாவைத் தாக்கியது.

அந்த அலையில் தோட்டத்து இந்தியர்கள் தங்கள் விகிதத்துக்கு மீறி மடிந்தார்கள். காரணத்தை அவர்கள் உடலில் தேடிப் பயனில்லை. அதே நோயில் சென்னை மாகாணம் பம்பாயைவிடக் குறைவாகத்தான் இழந்தது. கப்பலேறியவர்களும் ஊரில் தங்கியவர்களும் ஒரே குடும்பத்தார். வேறுபட்டது அவர்கள் படுத்த இடம்.

அந்த இடம் லயன்: ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகள். பல லயன்களில் தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. ஓர் அறையின் இருமல் அடுத்த அறைக்கும் சொந்தம். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு. வேலைக்குப் போகாதவருக்கு அன்றைய கூலி இல்லை. காய்ச்சலோடு நிற்பவர் நோயாளியா, சோம்பேறியா என்று முதலில் பார்ப்பவர் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர். இத்தனையும் கடந்து ஆஸ்பத்திரிக் கட்டிலை அடையும்போது நுரையீரலில் சளி இறுகியிருக்கும். ஆகவே ஆஸ்பத்திரி மரணக் கணக்கை மட்டும் வைத்துச் சிகிச்சையின் தரத்தை எடைபோடுவது பிழை என்பேன். கட்டிலை எட்டாமல் லயனிலேயே கண்மூடியவர் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆயினும் காலனியப் பேரேட்டில் இனம் என்ற கட்டம் இருந்தது. தொழிலாளரைச் சரக்குப்போல் எண்ணிய அரசு வைத்த கட்டம் அது. அதைக்கொண்டுதான் இன்று இந்த இழப்பை நாம் பேச முடிகிறது.

நூற்றாண்டு கழித்து, கோவிட் பரவியபோது, 2020 மார்ச் 27இல், மலேசியாவின் முதல் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாடு குளுவாங் மாவட்டத்துச் சிம்பாங் ரெங்கம் பகுதியில் தொடங்கியது. 2021 ஜூலையில் சுகாதார அமைச்சு கோவிட் தரவுகளை கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்தது. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: வயது, பாலினம், மாநிலம், தடுப்பூசி, இணைநோய், குடிமகனா இல்லையா, மருத்துவமனைக்கு உயிரற்றுக் கொண்டுவரப்பட்டவரா. இனம் இல்லை.

2019 தேசிய உடல்நல ஆய்வின்படி பெரியவர்களில் நீரிழிவு உள்ளோர் இந்தியரில் 31.4 விழுக்காடு, மலாய்க்காரரில் 22, சீனரில் 15.1. பிரிட்டனில் கோவிட் நோயால் மருத்துவமனை சேர்ந்த தெற்காசியர்களின் கூடுதல் மரணத்தில் ஒரு பகுதிக்கு நீரிழிவே காரணம் என ஆய்வாளர்கள் கண்டார்கள். அங்கே பதிவேட்டில் இனம் இருந்ததால் அதைக் காண முடிந்தது. ஜொகூர்த் தமிழருக்கு அதே கேள்வியைப் பொதுத் தரவிலிருந்து கேட்க வழியில்லை. பெயர் மறைத்தாவது இனக் கட்டத்தை ஆய்வாளருக்குத் திறந்துவிட வேண்டும்.

இதற்குள் தோட்டமும் கைமாறிவிட்டது. தமிழர் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். செம்பனைத் தோட்டத்து விடுதிகளில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் படுக்கிறார்கள். 1918இன் தமிழர் நின்ற இடத்தில் இன்று குடிமகனல்லாதவர் நிற்கிறார். உயிரற்றுக் கொண்டுவரப்பட்டோரில் அவர்களின் பங்கு கனமானது. ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கும் போலீசுக்கும் அஞ்சி அறையிலேயே கிடந்தவர்கள் அவர்களில் உண்டு. அன்று லயனில் இறந்தவர் ஆஸ்பத்திரிக் கணக்கில் வரவில்லை. இன்றைய பட்டியலில் அவருக்கு ஒரு வரி இருக்கிறது.