கல் நின்றது, தாள் நடந்தது

உத்தரமேரூர்ச் சுவரிலே, பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டிய எழுத்து இன்றும் நிற்கிறது. பெரும்பாதகம் புரிந்தோர் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. கள்ளுண்ணலும் பெரும்பாதகமே. அவையேறுவோர்க்கு விதி இருந்தது. ஏரோட்டுபவன் குடித்துக் கெட்டால் அவன் மனைவி எவரிடம் முறையிடுவாள்? கல் அதைக் கேட்கவில்லை. கல், நின்ற இடத்தில் நிற்கும். தேடி வந்தவனிடமே பேசும்.

தேடிச் செல்ல வல்லது அச்சுத்தாள். 1929-இல் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி, கல்கியின் துணையோடு, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் திங்களிதழை வெளியிட்டார். 1937 அக்டோபர் 1-ஆம் நாள், அவரது ஆட்சியில், சேலம் மாவட்டம் மதுவிலக்கைக் கண்டது. இதழ் அறிவுரை கூறிற்று, மக்கள் கேட்டனர். கேட்டவர்களே பேசும் நாள் என்று வந்தது?

நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் வந்தது! 1990களின் தொடக்கத்தில், எழுத்தறிவு இயக்கத்தின் இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்த ஏழைப் பெண்கள், ரோசம்மா முன்னிற்க, ஊர்ச் சாராயக் கடையை மூடச் செய்தனர். அவர்தம் கதையே பாடமாகி, அயலூர்ப் பள்ளிகளுக்குச் சென்றது. 1992-இல் 'ஈநாடு' நாளேடு அப்போராட்டச் செய்திகளுக்கெனத் தனியிடம் ஒதுக்கிற்று. ஓர் ஊரார் செய்ததை மற்றோர் ஊரார் அறிந்தனர். "நம்மாலும் ஆகும்" என்றெழுந்தனர். சாராயக் கடை ஏலங்கள் தடைப்பட்டன. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 சனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. ஆயினும் 1997-இல் அது தளர்த்தப்பட்டது. சட்டம் தீட்டிய கை அதனை அழிக்கவும் கூடுமன்றோ?

2024 சூன் திங்களில், கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஏடுகள் பிணங்களை எண்ணின. எண்ணுவது எளிது, பிணம் விழுமுன் பேசுவதன்றோ கடமை! ராஜகுளம் போன்ற சிற்றூர்களில் ஒரு பெண் குடியை எதிர்த்துக் குரல் கொடுத்தால், அச்செய்தி மறுநாளே அயலூரை எட்டட்டும். அவள் தனியள் அல்லள் என்று நாட்டுக்கு உரைப்பதே ஏட்டின் தொண்டு. அத்தொண்டைச் செய்யும் ஏடுகளையே நாம் வாங்குவோம். எழுத்தறியாதார்க்கு உரக்கப் படித்துக் காட்டுவோம்!