காணாமல் வாங்கிய துணியும் திருப்பித் தரும் உரிமையும்

நேரில் காணாத துணியை நம்பி வாங்குவது கைப்பேசியோடு பிறந்த வழக்கமன்று. 19ஆம் நூற்றாண்டில், நமது உப்பளம் அமைந்துள்ள புதுச்சேரியிலிருந்து ‘கினே’ எனப்பட்ட நீலத்துணி செனகல் ஆற்றங்கரைக்குக் கப்பலேறியது. அங்கே பாலைவனத்து முஸ்லிம் வணிகர்கள் வேலம்பிசினைத் தந்து அதனைப் பெற்றனர். நிறத்தையும் மணத்தையும் சோதித்தே ஏற்றனர். ஐரோப்பியப் போலிகளை எளிதில் ஏற்கவில்லை. 1843இல் பிரெஞ்சு அரசே ஆணையிட்டு இத்துணியின் தரத்துக்கு வரம்பு கட்டியது.

நம் முன்னோர் வரலாற்றில் இதனினும் பழைய முன்மாதிரி உண்டு. கூஃபாவில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 80–150), பழுதுள்ள ஆடையொன்றைக் குறையைச் சொல்லியே விற்குமாறு தம் கூட்டாளியிடம் அறிவுறுத்தினார்கள். அவரோ மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரெனத் தெரியவில்லை. இமாமவர்கள் அத்தொகையைத் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றில் பதிவாகியுள்ளது. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்கின்றன.

இந்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் இக்கருத்தையே கொண்டுள்ளன. பழுதான, விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கலாகாது. மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

“நஸீப் இவ்வளவுதான்” என்று நம் இல்லங்கள் பல வாய்மூடி விடுகின்றன. உரிமையைக் கேட்பது பொறுமைக்கு முரணன்று. ஆயினும், குறையை அறிந்த பின்னும் உடுத்திவிட்டுத் திருப்பியனுப்புவது நமக்கு ஆகுமானதன்று. அத்துடன் அவ்வுரிமை நீங்கிவிடுகிறது. விற்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மை நம்மிடமும் இருத்தல் வேண்டும்.