பஞ்சத்தின் முன்குறிகள்

தமிழகக் கிராமங்களில் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கப்படும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களிலும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் பலிகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. இத்தனை சாவுக்குப் பிறகுதான், வரப்போகும் பஞ்சத்தை முன்னறிந்து ஆயத்தமாவதை ஆட்சியின் எழுத்துபூர்வமான கடமையாக்க ஆங்கிலேய அரசு முன்வந்தது. ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான விசாரணைக் குழு 1880இல் அறிக்கை அளித்தது. அதையொட்டி 1883இல் மாதிரிப் பஞ்ச விதித்தொகுப்பு ஒன்று வரையப்பட, மாகாணங்கள் தத்தம் நிலைமைக்கேற்ப அதைத் திருத்தி ஏற்றுக்கொண்டன.

மழை பொய்ப்பது, தானிய விலை ஏறுவது, சில்லறைத் திருட்டு பெருகுவது, குடும்பங்கள் ஊரைவிட்டுப் புறப்படுவது முதலியவற்றைப் பஞ்சத்தின் முன்குறிகளாகக் கொண்டு, அதிகாரிகள் அவற்றை இடையறாது கவனித்து மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் சாரம். முழு விளைச்சலைப் பதினாறு அணா எனக் கொண்டு, நடப்பு விளைச்சல் அதில் எத்தனை அணா என்று மதிப்பிடும் முறையும் வருவாய்த்துறையின் வழக்கில் இருந்தது. ஐயத்துக்கிடமான பகுதிகளில் ‘சோதனைப் பணி’ தொடங்கப்படும்: அதாவது, மிகக் குறைந்த கூலிக்கு மண்வேலையோ கல்லுடைப்போ அறிவித்து, அதற்கும் கூட்டம் சேர்ந்தால் பஞ்சம் மெய்யென்று கொள்வார்கள். பசித்தவனின் உடலையே அளவுகோலாக்கிய இந்த ஏற்பாட்டில் கருவூலத்தின் சிக்கனம் தெரியும் அளவுக்கு இரக்கம் தெரிவதில்லை. ஆயினும், ஏட்டுக் கணக்கைவிட அது நம்பகமாக இருந்தது என்பதையும் மறுக்க இயலாது.

வானத்தை முன்கணிக்கும் முயற்சியும் உடன் நடந்தது. வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தின் பனிப்பொழிவுக்கும் பருவமழைக்கும் தொடர்பு கண்டு, 1880களில் மழைக் கணிப்புகளை வெளியிட்டார். அவருக்குப் பின்வந்த ஜான் எலியட் 1899இல் நல்ல மழையை எதிர்பார்த்தார். வந்ததோ கொடிய வறட்சி.

விதித்தொகுப்பின் உண்மையான பலவீனம் கணிப்பில் இல்லை, அறிவிப்பில் இருந்தது. பஞ்சம் என்று அறிவித்துவிட்டால் நிவாரணம் அளித்தே தீரவேண்டும். அறிவிக்கும் உரிமையோ செலவைத் தாங்கவேண்டிய அரசிடமே இருந்தது. 1943இல் வங்காளத்தில் அரிசி விலை பன்மடங்கு ஏறி, பட்டினியால் வாடிய குடும்பங்கள் கல்கத்தாத் தெருக்களில் வந்து குவிந்தபோதும் பஞ்சம் அறிவிக்கப்படவில்லை. விதிப்படி வழங்க வேண்டிய அளவு தானியம் இல்லை என்பதே மாகாண ஆளுநர் வைஸ்ராய்க்குத் தெரிவித்த காரணம்.