இடுப்புவலியும் அறுவைக் கத்தியும்

சத்தியமங்கலத்து மல்லிகைத் தோட்டங்களில் குனிந்து பூப்பறிப்போர்க்கு இடுப்புவலி புதிதன்று. அவ்வலி நீடித்துக் காலுக்கும் பாய்ந்தால், கத்தி ஒன்றே வழியோ என்று அஞ்சுவர். வரலாறு என்ன கூறுகிறது?

1934-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்பின் இடைவட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் இவ்வலி உண்டாவதைக் காட்டினர். அதன்பின் அறுவை பரவியது.

1983-இல் நார்வே மருத்துவர் வெபர் பத்தாண்டு ஆய்வொன்றை வெளியிட்டார். முதலாண்டில் அறுவை பெற்றோர் மேம்பட்டிருந்தனர். நான்காம் ஆண்டிலோ அறுவையின்றி மருத்துவம் பெற்றோரும் ஏறக்குறைய அந்நிலையை எய்தினர்.

மாணவர்களே, நாட்கூலி பெறுவோர்க்கு ஓராண்டு வேதனையும் பெரிதே. கால் வலுவிழந்தாலோ சிறுநீர் தடைப்பட்டாலோ மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். ஏனையோர் இயன்முறைப் பயிற்சியை முதலில் பொறுமையுடன் செய்து பார்ப்பது அச்சமன்று, அறிவுடைமையே.